ஆர்சிட் எண்: ஆராய்ச்சி பயோடேட்டாவில் தவறவிடக் கூடாத ஒரு வரி

ஆர்சிட் (ORCID), ஆராய்ச்சியாளர்களுக்காக 2012-இல் தொடங்கிய இலவசச் சேவை. ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமாக அது தருவது 16 இலக்க எண். கடைசி இடத்தில் சில சமயம் ‘எக்ஸ்’ வரும். அச்சுப்பிழை இல்லை, எண் தவறின்றித் தட்டப்பட்டதா என்று பார்க்க உதவும் சரிபார்ப்புக் குறி.

இனிஷியல் வைத்த நமக்கு இதன் அருமை தனி. ஒரு கட்டுரையில் ‘எஸ். குமார்’, அடுத்ததில் ‘குமார் எஸ்’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் விரிந்து வேறொன்று. தேடுகிறவருக்கு மூன்று ஆட்கள்! ஆர்சிட் பக்கத்தின் மாற்றுப் பெயர்கள் பகுதியில் எல்லா வடிவத்தையும் போட்டுவிடுங்கள்.

பதிவுக்குக் கல்லூரி மின்னஞ்சலை மட்டும் நம்பாதீர்கள். படிப்பு முடிந்து அது முடங்கினால், கடவுச்சொல்லை மீட்பது சிக்கலாகி இரண்டாவது எண் வாங்க நேரலாம். அப்போது கட்டுரைகள் இரண்டாகச் சிதறும். சொந்த முகவரியையும் சேருங்கள்.

கட்டுரை விவரங்களைக் கையால் தட்ட வேண்டாம், டிஓஐ (DOI) எனும் கட்டுரையின் நிரந்தர அடையாள எண்ணைக் கொடுத்தால் தானே நிரம்பும். விவரங்களை யார் பார்க்கலாம் என்பதில் ‘நான் மட்டும்’ என்ற அமைப்பு இருந்து, அதை மாற்ற மறந்தால், தேர்வுக் குழு திறக்கும் பக்கம் வெறுமையாக நிற்கும். சமர்ப்பிக்கும் முன் லாகவுட் செய்து ஒருமுறை பாருங்கள்.

குறை: நீங்களே சேர்க்கும் பட்டத்தையும் வேலையையும் அது சரிபார்ப்பதில்லை. சான்றிதழுக்கு மாற்றாக இதை நீட்ட முடியாது.