சனசமூக நிலையத்துக்கு வந்த தைரொயிட்டு இயந்திரம்

வைகாசியில், காண்டாவன வெயிலுக்கு ஊரே விசிறியும் கையுமாக இருந்தபோது நான் போர்வை தேடிக்கொண்டிருந்தேன். மலச்சிக்கல், சீப்போடு வரும் தலைமயிர், மூன்றாவது பாடவேளைக்குள் கம்மிப்போகும் குரல், சாப்பாடு கூடாமலே இறுகிப்போன சட்டைகள் என்று வேறும் இருந்தன. அம்மாவுக்குக் கழுத்தில் கழலை இருந்தது. தைரொயிட்டுச் சுரப்பி சோர்ந்துபோய்விட்டதோ என்ற பயத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் வைத்தியசாலையில் வைத்திய நிபுணரைச் சந்திக்கப் பதிவு செய்தேன். நாள் கிடைத்தது பதினெட்டு நாட்களுக்குப் பிறகு. அந்த இடைவெளியில்தான் ஏமாந்தேன்.

முச்சக்கரவண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தார்கள். இரத்தம் எடுக்காமல் தைரொயிட்டுப் பரிசோதனை, முற்றிலும் இலவசம், இடம் எங்கள் சனசமூக நிலையம். பத்திரிகை வாசிக்கிற மேசையில் ஒரு மடிகணினி, பக்கத்தில் சிறிய பெட்டி, வயரின் நுனியில் ஓர் உலோகக் குழாய். குழாயை ஒரு நிமிடம் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். பிறகு 34 பக்க அறிக்கை வரும், கலரில். என் தைரொயிட்டு 41 சதவீதம்தான் வேலை செய்கிறதாம்.

“வைத்தியரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள் ரீச்சர். இதைக் கொண்டுபோனால் அவருக்கும் சுகம்” என்றான் அந்தப் பொடியன். எப்போதும் ஆயத்தத்தோடு போகிறவள் என்ற என் பெருமையில் அவன் சரியாகக் கை வைத்தான்.

அன்றே விழித்திருக்க வேண்டும். கூட வந்த மச்சாளுக்கு நான்கு வருடங்களுக்கு முன்னர் பித்தப்பையை வெட்டி எடுத்துவிட்டார்கள். அவளுடைய அறிக்கையில் பித்தப்பை 87 சதவீதம் நன்றாக இயங்கிக்கொண்டிருந்தது! வீட்டுக்கு வந்து இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் அதற்குள் என் பணம் போய்விட்டது. இரண்டு போத்தல் குளிசை, 14,500 ரூபாய். ஒன்று கடற்பாசி, மற்றது தலைமயிருக்கு. எங்கள் உப்பில் அயடீன் போதாது என்றும் சொன்னான். இலங்கையில் சாப்பாட்டு உப்புக்கு அயடீன் சேர்க்க வேண்டுமென்று 1995 முதல் சட்டமே இருக்கிறது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. தலைமயிர் கொட்டுகிற பெண்ணுக்குப் புத்தி கொஞ்சம் குறைந்துதான் போகிறது.

பணத்தைவிட அவன் சொன்ன இன்னொரு வசனம்தான் என்னைக் கெடுத்தது: “இது இயற்கையானது, வைத்தியரிடம் சொல்லத் தேவையில்லை. சொன்னால் நிறுத்தச் சொல்லுவார்.”

சொல்லவில்லை. நிபுணர் 34 பக்கங்களையும் ஒரு பார்வை பார்த்து ஓரமாக வைத்துவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். வேறு ஏதாவது குளிசை எடுக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். ரி.எஸ்.எச். 2.1 என்று வந்தது. தைரொயிட்டை வேலை செய்யத் தூண்டும் ஓமோன் அது; சுரப்பி சோர்ந்தால் அதன் அளவு ஏறும். பெரும்பாலான ஆய்வுகூடங்களில் ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை சரியான அளவு. தைரொயிட்டில் குறையில்லை என்று சொல்லி இரும்புச்சத்துக் குளிசை தந்து அனுப்பினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நல்லூர்த் திருவிழா முடிகிற நேரம் கண்ணிமைகள் வீங்கி, படி ஏறவே மூச்சு வாங்கியது. யாழ். போதனா வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த இளம் வைத்தியர் பழைய முடிவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். “அம்மா, வீட்டில் இருக்கிற போத்தல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்” என்றார்.

தலைமயிர்க் குளிசையில், கண்ணாடி போட்டாலும் வாசிக்க முடியாத எழுத்தில், பயோற்றின் என்ற விற்றமின் 10,000 மைக்ரோகிராம் என்று இருந்தது. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 30 போதும். சில ஆய்வுகூட முறைகளில் பயோற்றினையே சேர்த்துத்தான் ஓமோனை அளக்கிறார்கள். உடம்பில் அது நிறைந்து கிடந்தால் ரி.எஸ்.எச். உள்ளதைவிடக் குறைவாகவும், தைரொயிட்டு சுரக்கும் ரி4 என்ற ஓமோன் கூடுதலாகவும் தெரியும். அதாவது சோர்ந்த தைரொயிட்டு, தாளில் சுகமாக இருக்கும். கடற்பாசியின் மிகையான அயடீனோ ஏற்கெனவே பழுதான சுரப்பியை இன்னும் மந்தமாக்கக்கூடியது. இரண்டையும் நிறுத்திவிட்டு இரண்டு கிழமையில் மறுபடி இரத்தம் கொடுத்தேன். ரி.எஸ்.எச். 14.6. ரி4 குறைவு. தைரொயிட்டை உடம்பே தாக்குகிறது என்று காட்டும் எதிர்ப்பொருளும் இருந்தது.

இப்போது, குறைந்த ஓமோனுக்கு ஈடாகத் தைரொக்சின் குளிசை 50 மைக்ரோகிராம், விடிய வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். தேநீருக்கு ஒரு மணித்தியாலம் காத்திருக்கிறேன், அதுதான் பெரிய தண்டனை. இரும்புச்சத்துக் குளிசைக்கு நான்கு மணித்தியால இடைவெளி. ஆறு கிழமைக்குப் பிறகு மறுபடி பரிசோதனை.

இதே சந்தேகத்தோடு வைத்தியரிடம் போக இருப்பவர்களே, அறிக்கை தேடி அலையாதீர்கள். என்ன மாற்றம், எப்போது தொடங்கியது, நிறை எவ்வளவு கூடியது, மாதவிடாய் எப்படி, வீட்டில் யாருக்குக் கழலை என்று ஒரு கொப்பித் தாளில் எழுதுங்கள். வைத்தியரின் கதிரைக்கு முன்னால் இருந்தால் பாதி மறந்துவிடும். விழுங்குகிற எல்லாவற்றையும், சத்து மாவு, நாட்டு மருந்து உட்பட, போத்தலோடு கொண்டுபோங்கள். பயோற்றின் எடுக்கிறவர்கள் அதை இரத்தம் எடுக்கும் இடத்திலும் சொல்லுங்கள். குறைந்தது இரண்டு நாட்களாவது நிறுத்தச் சொல்லுவார்கள், பெரிய அளவென்றால் இன்னும் கூட. பழைய முடிவுகள் இருந்தால், எந்த ஆய்வுகூடத்தில் எடுத்தது என்று தெரியும்படி அந்தத் தாள்களையே கொண்டுபோங்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்தேன். விற்றவரின் பெயரும் விலாசமும் கேட்டார்கள். என்னிடம் இருந்த துண்டில் 14,500 என்ற எண்ணும் ஒரு கிறுக்கலும் மட்டும்தான். பொடியனின் தொலைபேசி இலக்கம் பாவனையில் இல்லை.

போன ஞாயிறு மச்சாள் ஒரு படம் அனுப்பினாள். வலிகாமத்தில் வேறொரு ஊர், வேறொரு சனசமூக நிலையம், அதே பெட்டி, அதே குழாய். இம்முறை பதாகையில் நீரிழிவு என்று போட்டிருக்கிறார்கள்.