மாக்சிஃப்ளாக்சசின் கண் சொட்டு மருந்து: எங்கள் வீட்டு அனுபவம்

மாக்சிஃப்ளாக்சசின் 0.5 சதவீதம், 5 மி.லி. பாட்டில். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்து விற்கிறது. மருந்தின் பெயர் பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். பாக்டீரியாவால் வந்த கண் நோய் என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு வாங்கினால், கொடுத்த காசுக்கு நிச்சயம் வேலை செய்கிற மருந்து.

என் மாமனாருக்குச் சம்பா அறுவடை முடிந்த கையோடு ஒரு கண்ணில் ஆரம்பித்தது. காலையில் இமை இரண்டும் ஒட்டிக் கிடக்கும். வெந்நீரில் நனைத்த துணியை வைத்து ஊற விட்டால்தான் திறக்க முடியும். மஞ்சளும் பச்சையுமாகக் கெட்டிப் பீளை, துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. மன்னார்குடியில் கண் டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்து, கருவிழியில் புண் இல்லை என்று உறுதி செய்துகொண்டு இதை எழுதினார். ஒரு நாளைக்கு 3 வேளை, வேளைக்கு ஒரு சொட்டு, 7 நாள். பீளை சீக்கிரமே நின்றுவிட்டது. "போதும்மா, கண்ணு தெளிஞ்சிடுச்சு" என்றார். "டாக்டர் சொன்ன நாள் முடியட்டும் மாமா" என்று சொல்லி மிச்ச நாளும் விட்டேன்.

பாட்டில் மிருதுவானது. லேசாக அழுத்தினாலே இரண்டு மூன்று சொட்டு சேர்ந்து விழுந்துவிடும். விழுந்தால் வீண்தான், கண்ணுக்குள் ஒரு சொட்டே முழுசாகத் தங்காது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அவரை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, கீழ் இமையை விரலால் இழுத்தால் சின்னப் பை மாதிரி ஒரு குழி வரும். அதில் ஒரு சொட்டு. பாட்டில் முனை இமையிலோ இமைமுடியிலோ படவே கூடாது. பட்டால் கண்ணில் இருக்கும் கிருமி பாட்டிலுக்குள் போய்விடும். விட்டதும் கண்ணை மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய உள்முனையை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திப் பிடிப்பேன். இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கிக் கசக்கிறது என்று முகத்தைச் சுளிப்பார். வேறு சொட்டு மருந்தும் இருந்தால் 5 நிமிடமாவது இடைவெளி வேண்டும். களிம்பும் கொடுத்திருந்தால் சொட்டு முதலில், களிம்பு கடைசியில். களிம்பு போட்டால் பார்வை கொஞ்ச நேரம் மங்கும், அதனால் படுக்கப் போகும்போது போடுவது வசதி.

இவ்வளவு நல்ல மருந்தைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததே, எங்கள் பக்கம் இதைக் கண் சிவந்தாலே கேட்டு வாங்கி விட்டுக்கொள்கிறார்கள் என்பதற்காகத்தான். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது. தண்ணீராக வடியும், உறுத்தும், வீட்டில் ஒருவர் விடாமல் தொற்றும். வைரஸை இந்த மருந்து ஒன்றும் செய்யாது. துண்டையும் தலையணையையும் தனியாக வைத்தால்தான் மற்றவர்களுக்கு வராமல் இருக்கும்.

அதைவிடப் பயப்பட வேண்டியது நெல் அடிபட்ட கண். அறுவடை மிஷின் ஓடும்போதும், கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றும்போதும் சுணையும் பதரும் பறக்கும். கருவிழியில் கீறிவிட்டால் அந்தக் காயத்தில் பூஞ்சை பிடிக்கும். பாக்டீரியா மருந்து பூஞ்சையைத் தொடாது. எங்கள் தெருவில் மூட்டை தூக்கப் போகும் ஓர் அண்ணனுக்கு இப்படித்தான் பதர் தெறித்தது. ஒரு மெடிக்கலில் சீட்டு இல்லாமலே ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். சிவப்பு குறைந்தது, குணமாகிறது என்று நினைத்துவிட்டார். ஸ்டீராய்டு கண்ணின் எதிர்ப்பு சக்தியை அடக்கிப் பூஞ்சைக்கு வழி விட்டுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது கருவிழியில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. நாட்டாமைசின் என்கிற பூஞ்சை மருந்தை மணிக்கொரு தடவை விட்டு ஒருவழியாகப் புண் ஆறியது. ஆனால் பூ விழுந்தது விழுந்ததுதான், அந்தக் கண்ணில் பார்வை பாதிதான். இன்னும் எனக்கு ஆறவில்லை. பெட்டியில் டெக்ஸாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. கண் டாக்டர் எழுதாமல் அதைத் தொடாதீர்கள். நந்தியாவட்டைச் சாறும் தாய்ப்பாலும்கூட வேண்டாம், கீறல் விழுந்த கண்ணுக்கு அவை புதுக் கிருமியைக் கொண்டுபோகும். வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பிறந்த குழந்தைக்குப் பீளை கட்டினாலும் அப்படியே.

இந்த மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கான எச்1 என்கிற அரசுப் பட்டியலில் இருக்கிறது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் எழுதி அந்தப் பதிவேட்டைக் கடைக்காரர் 3 வருடம் வைத்திருக்க வேண்டும். எங்களுக்குக் கொடுத்தவர் சீட்டைக் கேட்டு வாங்கி, நிதானமாக எழுதிக்கொண்டுதான் கொடுத்தார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அந்தக் கடை மேல் மதிப்புதான் கூடியது.

குறை என்று பார்த்தால், எழுத்து மிகவும் பொடி. பாட்டிலும் காது சொட்டு மருந்து பாட்டில் மாதிரியே இருப்பதால் இரண்டையும் ஒரே டப்பாவில் வைக்கக் கூடாது. திறந்து ஒரு மாதத்துக்குப் பிறகு பயன்படுத்தக் கூடாது என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் திறந்த தேதியை எழுத ஓர் இடம் விடவில்லை. நான் பெட்டி மேலேயே பேனாவால் எழுதிவிடுவேன். ஒரு மாதம் ஆனதும் மீதி இருந்தாலும் குப்பைக்குத்தான். பக்கத்து வீட்டில் கேட்டால் மருந்தைக் கொடுப்பதில்லை, டாக்டர் உட்காரும் நேரத்தைச் சொல்லி அனுப்புகிறேன்.