கறுப்பு வெள்ளைக்குள் கொஞ்சம் நிறம்: கிம்ப் மென்பொருளோடு ஏழு ஆண்டுகள்

2018-இல், படங்களைத் திருத்தும் கிம்ப் மென்பொருளின் 2.10 பதிப்பு வெளியான சில மாதங்களில், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் இருந்த பழைய கணினியில் அதை நிறுவினேன். அன்று முதல் பெரும்பாலும் ஒரே வேலைக்குத்தான் அதைப் பயன்படுத்தி வருகிறேன்: ஒரு படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, அதில் ஓரிடத்தில் மட்டும் நிறத்தை விட்டுவைப்பது. திருமண ஆல்பங்களில் மணப்பெண்ணின் சேலையை மட்டும் சிவப்பாக விட்டு மாப்பிள்ளையைச் சாம்பலாக்கும் அந்த உத்தியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். முதல் ஆண்டில் செய்த படங்களில் இப்போது வெளியே காட்டத்தக்கவை மூன்றோ நான்கோதான்.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்த என் சித்தப்பா, கறுப்பு வெள்ளைப் பிரிண்டின் மேல் பஞ்சு சுற்றிய குச்சியால் சேலைக்கும் உதட்டுக்கும் நகைக்கும் நிறம் ஏற்றியவர். நிறம் ஏற்றப்போகும் பிரிண்டைச் சற்று வெளிறலாகவே எடுக்க வேண்டும், அடியில் கறுப்பு கனத்துக் கிடந்தால் மேலே பூசுவது துலங்காது என்று அவர் சொல்வதுண்டு. கணினியில் செய்யும்போதும் அந்தச் சாம்பல் பகுதிதான் படத்தைத் தீர்மானிக்கிறது என்பது எனக்குப் பிடிபட இரண்டு ஆண்டுகள் ஆயின.

செய்முறை எளிது. படத்தின் லேயரை (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய படத்தாள்) நகலெடுத்து, மேல் லேயரைக் கறுப்பு வெள்ளையாக்கி, அதற்கு ஒரு வெள்ளை மாஸ்க் (லேயரில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று தீர்மானிக்கும் மூடி) சேர்த்து, நிறம் தெரிய வேண்டிய இடத்தில் மாஸ்க்கின் மேல் கறுப்பு பிரஷ்ஷால் தீட்டினால் அடியிலுள்ள நிறம் வெளிப்படும். அழிப்பானால் மேல் லேயரையே அழித்துவிடுவது அப்போதைக்குச் சுலபமாகத் தோன்றும். ஆனால் கோட்டைத் தாண்டி அழித்ததைக் கோப்பை மூடிய பிறகு அன்டூ செய்ய வழியில்லை. படம் முழுவதையும் நிறத்துக்கே இடமில்லாத கிரேஸ்கேல் முறைக்கு மாற்றிவிட்டு, ஏன் நிறமே வரவில்லை என்று ஒரு மாலை முழுவதும் நான் தடுமாறியதையும் சொல்லிவிடுகிறேன்.

கறுப்பு வெள்ளையாக்கும் கட்டளையில் கிம்ப் ஐந்து வழிகளைத் தருகிறது: லூமினன்ஸ், லூமா, லைட்னஸ், ஆவரேஜ், வேல்யூ. பலர் இந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பதே இல்லை. கலப்பற்ற சிவப்பை லூமாவில் மாற்றினால் 255-க்குச் சுமார் 57 என்ற அடர்ந்த சாம்பல் வருகிறது, லூமினன்ஸில் அதே சிவப்பு சுமார் 130 ஆகிறது, ஆவரேஜில் 85, வேல்யூவில் 255, அதாவது வெள்ளை. லூமா கணக்கில் பச்சைக்குச் சுமார் 72 சதவீதம், சிவப்புக்கு 22 சதவீதம், நீலத்துக்கு 6 சதவீதம் என எடை கொடுக்கப்படுவதும், லூமினன்ஸ் அதே எடைகளை ஒளியின் உண்மையான அளவின் மேல் செலுத்துவதும்தான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். லைட்னஸ், கலப்பற்ற சிவப்பையும் பச்சையையும் நீலத்தையும் ஒரே சாம்பலாக்கிவிடும். பத்தமடையில் எடுத்த ஒரு படத்தில், பாய் நெய்பவரின் கையையும் ஊடே ஓடும் ஒரு சிவப்புக் கோரைப் பட்டையையும் மட்டும் நிறத்தோடு விட நினைத்து மற்றவற்றை லைட்னஸில் மாற்றினேன். பாயின் மற்றச் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒன்றாகிப் பட்டைகளே காணாமல் போயின. லூமாவுக்கு மாற்றியதும் சிவப்பு அடர்ந்து, பச்சை மேலெழுந்து, பாய் மறுபடியும் பாயாயிற்று. பத்தமடைப் பாயைப் பத்தமடைப் பாயாகக் காட்டுவது அந்த வரிகள்தானே.

இந்த ஐந்தும் போதாதபோது, சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் சாம்பலில் எவ்வளவு சேர வேண்டும் என்பதை நாமே வைக்கும் மோனோ மிக்ஸருக்குப் போக வேண்டும். திசையன்விளைக்கு அப்பால் தேரிக்காட்டில் எடுத்த படங்கள் எனக்கு அதைக் கற்றுத்தந்தன. அங்கே மணல் முழுவதும் சிவப்பு. லூமாவில் அது சோர்ந்த சாம்பலாகிறது; மோனோ மிக்ஸரில் சிவப்புச் சேனலை உயர்த்தி நீலத்தைக் குறைத்தால் மணல் வெளிச்சம் பெற்று, வானம் இருண்டு, பனைகள் கறுப்பாக நிமிர்ந்து நிற்கின்றன. ஃபிலிம் காலத்தில் லென்ஸுக்கு முன் சிவப்பு ஃபில்டர் மாட்டியவர்கள் பெற்ற அதே விளைவு இது. அந்தப் படத்தில் பதநீர் ஊற்றிய பனையோலைப் பட்டையின் வெளிர்பச்சையை மட்டும் விட்டேன். அதையும் முழுமையாக விடாமல், மாஸ்க்கில் கறுப்புக்குப் பதில் சாம்பல் பிரஷ்ஷால் தீட்டிப் பாதி அளவுக்கு விட்டேன். நிறத்தை நூறு சதவீதம் விடுவது எனக்கு இப்போதெல்லாம் அரிது. நாற்பதிலிருந்து அறுபது வரை விட்டால், பார்ப்பவர் முதலில் படத்தையும் பிறகே நிறத்தையும் கவனிக்கிறார்.

ஓரங்கள்தான் நெடுநாள் தொல்லை. ஜேபெக் கோப்புகளில் பெரும்பாலானவை வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி சேமித்தாலும், நிறத்தை நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் சேமிக்கின்றன. முழுநிறப் படத்தில் இது கண்ணுக்குத் தட்டாது. ஆனி மாத நெல்லையப்பர் தேரோட்டப் படமொன்றில், தேரில் தொங்கும் சிவப்புத் துணித் தொம்பைக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டிக்காரர் நின்ற இடத்தில், தொம்பையை நிறத்தோடு விட்டதும் வேட்டியின் விளிம்பில் மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தது. மாஸ்க்கில் நிறம் விட்ட பகுதியைத் தெரிவாக (செலக்ஷன்) மாற்றி ஓரிரு புள்ளி உள்ளே சுருக்கினால் அது மறைகிறது. கேமராவிலேயே, அது பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்து, அத்தகைய கோப்புகளுக்கான டார்க்டேபிள் மென்பொருளில் திறந்து கிம்ப்புக்கு அனுப்பினால் தொல்லை வெகுவாகக் குறைகிறது. ஆனால் தேர் வடத்தோடு நகரும் கூட்டத்தில் ரா எடுத்து மெமரி கார்டை நிரப்ப எனக்கு மனம் வருவதில்லை.

நிறம் ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை என்பதைச் சொல்லித்தந்தவர் எங்கள் ஆச்சி. குறுக்குத்துறைப் படித்துறையில் துணி அலசும் பெண்ணொருவரின் அரக்குச் சேலையை மட்டும் விட்டுத் தாமிரபரணியைச் சாம்பலாக்கிய படத்தைப் பெருமையோடு காட்டினேன். "ஏல, சேல செவப்பா இருக்கு, தண்ணிக்குள்ள தெரியுத சேல மட்டும் ஏம்ல வெளுத்துப் போச்சு?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடிக்கப் போய்விட்டார். அதன் பிறகு நீரில் விழும் பிரதிபலிப்பையும், ஈரப் படிக்கட்டில் தெரியும் நிறச்சாயலையும், சேலையிலிருந்து முழங்கையில் ஏறும் மெல்லிய சிவப்பையும் மங்கலான பிரஷ்ஷால் பத்து, இருபது சதவீதம் மீட்டெடுக்கிறேன். ஒரு படத்துக்கு ஆகும் நேரத்தில் பாதி இதற்கே போகிறது.

2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பு என் வேலைமுறையை மாற்றியது. முன்பு கறுப்பு வெள்ளையாக்கும் மாற்றம் லேயரின் புள்ளிகளிலேயே எழுதப்பட்டுவிடும். மனம் மாறினால் நகலெடுப்பதிலிருந்து தொடங்க வேண்டும். இப்போது மோனோ மிக்ஸர் லேயரின் மேல் தனி ஃபில்டராக நிற்கிறது. மாஸ்க் வேலையெல்லாம் முடிந்த பிறகும் சிவப்பை ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். குறைகளும் உண்டு. என் நான்கு ஜிபி ரேம் கணினியில் ஃபில்டர் அடுக்கிய படம் ஒவ்வொரு பிரஷ் தீற்றலுக்கும் தயங்கியதால் கணினியையே மாற்ற நேர்ந்தது. இத்தகைய ஃபில்டர்களோடு சேமித்த கோப்பை, இன்னும் 2.10 வைத்திருக்கும் நண்பரால் திறக்கவும் முடியவில்லை.

அச்சு எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கலர் லேபில் கொடுத்த முதல் ஐந்து பிரிண்டுகளிலும் சாம்பல் பகுதி பச்சை பூத்து வந்தது. கலர் தாளில் சாம்பல் என்பது மூன்று சாயங்களின் கலவை. ஒன்று சற்றுப் பிசகினாலும் முழுநிறப் படத்தில் ஒளிந்துகொள்ளும் சாயல் இங்கே பளிச்சென்று தெரிந்துவிடும். இப்போது சாம்பல் லேயருக்கு நானே மிக மெல்லிய பழுப்புச் சாயல் கொடுத்து, கோப்பை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில் அனுப்பி, ஒரு சிறிய சோதனைப் பிரிண்டைப் பார்த்த பிறகே பெரியதைக் கேட்கிறேன்.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போனால் மட்டும் இந்த வேலையைச் செய்வதில்லை. வெள்ளை உடலும் கறுப்பு இறகுமாக நின்று, வால்பக்கம் மட்டும் இளஞ்சிவப்பு வைத்திருக்கும் மஞ்சள்மூக்கு நாரையில் நான் நீக்குவதற்கு என்ன நிறம் இருக்கிறது? சென்ற முறை அங்கே எடுத்த படங்களில் குளக்கரைக் கருவேல மரங்களின் பச்சையை மட்டும் முப்பது சதவீதம் குறைத்துவிட்டு அப்படியே சேமித்தேன்.