அப்பாவுக்கு எடுத்த கார்டியாக் எம்ஆர்ஐ: 5க்கு 4

ஒரு மார்க் குறைத்தது ஸ்கேனுக்காக இல்லை, காக்க வைத்ததற்காக. சென்டர் பெயர் வேண்டாம்.

அப்பாவுக்கு அடிக்கடி படபடப்பு, ஒருமுறை கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். உடம்பில் மாட்டிவிட்டு ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியில் விடி என்று வந்தது, அதாவது இதயத்தின் கீழறையிலிருந்து கிளம்பும் அதிவேகத் துடிப்பு. இதய அல்ட்ராசவுண்டான எக்கோவிலோ பம்பிங் நார்மல். அப்புறம் எதற்கு இன்னொரு செலவு என்று வீட்டில் ஒரே பேச்சு. ஆனால் எக்கோ இதயம் சுருங்கி விரிவதையும் வால்வுகளையும் காட்டுமே தவிர, தசைக்குள் பதுங்கியிருக்கும் தழும்பைப் பெரும்பாலும் காட்டாது, பல பேருக்கு அந்தத் தழும்பைச் சுற்றி மின்னோட்டம் வட்டமடிப்பதுதான் விடிக்கே காரணம். எம்ஆர்ஐயில் கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் ஏற்றிச் சுமார் 10 நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் தழும்பு வெள்ளையாகத் தெரிகிறது. இதயச் சுவரின் உள்பக்கத்திலிருந்து தொடங்கினால் பெரும்பாலும் பழைய மாரடைப்பு, நடுவிலோ வெளிப்பக்கத்திலோ இருந்தால் தசை அழற்சி மாதிரி வேறு காரணங்களைத் தேடுவார்கள். அப்பாவுக்கு வெளிப்பக்கம். பம்பிங் 35 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஐசிடி (ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுத்துச் சரிசெய்ய உடம்புக்குள் வைக்கும் கருவி) தேவையில்லை என்று நான் எங்கோ படித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன், டாக்டர் இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சையே தொடங்கினார்.

டெக்னீஷியன் தங்கமானவர். "மூச்சை இழுங்க, விடுங்க, அப்படியே பிடிங்க" என்று ஒவ்வொரு தடவையும் பொறுமையாகச் சொன்னார். துடிப்பு தாறுமாறாக இருந்தால் படம் கலங்கிவிடுமாம், சிலவற்றைத் திரும்ப எடுத்தார்கள். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் குழாய்க்குள் படுக்க வேண்டும், மூச்சு வாங்குபவர்களுக்குச் சிரமம்தான்.

குறை என்னவென்றால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட் வேண்டும் என்று புக்கிங்கில் ஒருவரும் சொல்லவில்லை, வந்த பிறகு ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்துக் கிடந்தோம். இதயப் படம் பார்க்கத் தெரிந்த டாக்டர் தினமும் வருவதில்லை, அதனால் ரிப்போர்ட்டும் தாமதம். போனிலேயே இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

ஐசிடி வைக்கப் போகிறார்கள் என்றால் அதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. வைத்த பிறகும் பல கருவிகளோடு எடுக்கலாம், ஆனால் அதன் உலோகம் படத்தில் ஒரு பகுதியை மறைத்துவிடலாம். மயக்கம் போட்டு விழுந்தவர்களை ஸ்கேன் வரிசையில் நிறுத்தாதீர்கள், நேராக எமர்ஜென்சிதான். வெறும் ரிப்போர்ட்டோடு கிளம்பாமல் படங்கள் பதிந்த சிடியும் கேட்டு வாங்குங்கள், அப்லேஷன் (கோளாறான துடிப்பு கிளம்பும் இடத்தைக் குழாய் வழியாகச் சுட்டுச் சரிசெய்வது) என்று முடிவானால் டாக்டருக்குப் படம்தான் வேண்டும்.