வெடி வெல்டிங் தகடு: அப்படியே விடுவதா, உலையில் வைப்பதா?

கார்பன் ஸ்டீல் மேல் 304எல் ஸ்டெயின்லெஸ் தகட்டை வெடிவைத்து ஒட்டியாயிற்று. உள்ளே தங்கிவிட்ட எச்சத் தகைவை, அதாவது வெளிவிசை இல்லாதபோதும் உலோகத்துக்குள் நிற்கும் இழுப்பையும் அழுத்தத்தையும், என்ன செய்வது? அப்படியே விடலாம், அல்லது 600 டிகிரி வாக்கில் உலையில் வைத்து எடுக்கலாம். உருளைகளுக்கு நடுவே விட்டு நிமிர்த்துவதும் உண்டு. அது தகட்டைத் தட்டையாக்கும், தகைவை இடம் மாற்றும், அவ்வளவுதான்.

அப்படியே விட்டால் சிக்கல் ஒட்டுமுகத்தில். ஒரு துண்டை வெட்டி, பாலிஷ் போட்டு, அமிலம் தடவி மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். அலை அலையான கோட்டை ஒட்டி இரும்பின் மணிகள் (நுண்படிகங்கள்) நசுங்கி நீண்டு கிடக்கும். சுழிகளில் உருகி உறைந்த திட்டுகள், சிலவற்றில் விரிசலும் இருக்கும். அந்த மெல்லிய பட்டையில் கடினத்தன்மை எகிறும். தகைவு எவ்வளவு என்பது வெடிமருந்தின் அளவு, மோதும் வேகம், கோணம் எல்லாவற்றையும் பொறுத்தது. முன்கூட்டிச் சொல்வது கஷ்டம்.

உலை இந்தக் கடினத்தைத் தணிக்கும். ஆனால் தகைவு பூஜ்யமாகிவிடும் என்று நினைப்பவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். அறை வெப்பநிலையை ஒட்டி ஒரு டிகிரிக்குக் கார்பன் ஸ்டீல் மீட்டருக்குச் சுமார் 12 மைக்ரான் விரியும், 304எல் சுமார் 17. 600 டிகிரியிலிருந்து ஆறும்போது ஸ்டெயின்லெஸ் மீட்டருக்கு இரண்டு மில்லிமீட்டருக்கும் மேல் கூடுதலாகச் சுருங்கப் பார்க்கும். அடித்தகடு விடாது. 304எல் மீள்தன்மையோடு தாங்குவதோ மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். மிச்சத்துக்கு அது நிரந்தரமாக நீள வேண்டியதுதான். ஆகவே அறை வெப்பநிலைக்கு வரும்போது ஸ்டெயின்லெஸ் அதன் யீல்டு அளவை (நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லையை) ஒட்டிய இழுவிசையில் நிற்கும். தகடு மெல்லியதாக இருந்தால் அந்தப் பக்கமாகக் குழிந்து வளைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குளோரைடு தொடும் பாத்திரத்துக்கு இந்த இழுவிசை நல்லதல்ல, இரண்டும் சேர்ந்தால் ஸ்டெயின்லெஸ் விரிசல் விடக்கூடும்.

அப்புறம், அதே சூட்டில் கார்பன் எல்லை தாண்டி ஸ்டெயின்லெஸ் பக்கம் நகரும். நேரம் நீள நீள ஒரு பக்கம் மென்மையான பட்டையும், மறுபக்கம் கார்பனும் குரோமியமும் சேர்ந்த கடினமான கார்பைடு பட்டையும் உருவாகும்.

என் ஓட்டு உலைக்கே, ஆனால் தேவைக்கு மேல் ஒரு மணி நேரம்கூட வேண்டாம். ஒட்டுமுகத்தில் இருப்பது என்னவென்று தெரியாத தகைவு. உலை தருவது கணக்குப் போட்டு வைக்கக்கூடிய தகைவு. வடிவமைப்பாளருக்கு இரண்டாவதோடு மல்லுக்கட்டுவது எளிது.

மேல் தகடு 410எஸ் என்ற இன்னொரு வகை ஸ்டெயின்லெஸ் என்றால் இந்தக் கணக்கே மாறும். அதன் விரிவு கார்பன் ஸ்டீலை ஒட்டியே இருப்பதால் ஆறியபின் இழுபறி மிகக் குறைவு. அங்கே இழுவிசைக்குப் பயந்து உலைக்குத் தயங்க வேண்டியதில்லை.