கண்ணுக்கடியில் பள்ளம்: ஃபில்லரா, கொழுப்பா, கத்தியா?

கண்ணுக்குக் கீழே விழும் பள்ளத்துக்கு க்ரீமில் தொடங்கி அறுவைச் சிகிச்சை வரை ஏழெட்டு வழிகள் விற்பனைக்கு இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் 'முன்', 'பின்' படங்கள் உண்டு. அந்தப் படங்களில் முகத்தைப் பார்ப்பதற்கு முன் வெளிச்சத்தைப் பாருங்கள். தலைக்கு மேலே விளக்கு எரிந்தால் பள்ளம் ஆழமாகத் தெரியும். அதே முகத்துக்கு நேரே விளக்கை வைத்தால், ஒரு சொட்டு மருந்தும் இல்லாமல் பாதிப் பள்ளம் காணாமல் போய்விடும்.

இதையே சொந்தப் பரிசோதனையாகவும் செய்து பார்க்கலாம். பகலில் ஜன்னலைப் பார்த்து நின்று, கைக்கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடியுங்கள். மோவாயைச் சற்று உயர்த்தினால் கருமை மறைகிறதா? மறைந்தால் அது நிழல். அதாவது உண்மையான பள்ளம். மறையவில்லை என்றால் தோலிலேயே நிறம் இருக்கிறது, அல்லது தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் தெரிகின்றன. தோலை விரலால் மெல்லப் பக்கவாட்டில் இழுங்கள். பழுப்பு நிறமாகவே நீடித்தால் நிறமி; நீலமாகவோ ஊதாவாகவோ இன்னும் பளிச்செனத் தெரிந்தால் ரத்தக்குழாய். அடுத்து, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே உயர்த்துங்கள். அப்போது இமைக்குக் கீழே புடைத்துக்கொண்டு வருவதுதான் கண் பை. கடைசியாக, கீழ் இமையை விரலால் முன்னே இழுத்து விடுங்கள். இமைக்காமலேயே அது சட்டென்று கண்ணோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் இமை தளர்ந்துவிட்டது என்று பொருள். அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு இது மிக முக்கியமான தகவல்.

பணம் வீணாவதில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான். நிறமிக்கு ஃபில்லர் (பள்ளத்தை நிரப்பும் ஜெல் ஊசி) போடுகிறார்கள், பள்ளத்துக்கு க்ரீம் தடவுகிறார்கள், பைக்கு லேசர் அடிக்கிறார்கள். மூன்றும் தப்பான விலாசத்துக்குப் போன கடிதங்கள்.

பள்ளம் ஏன் விழுகிறது? கீழ் இமைத் தோலின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்கடியில் கண்ணைச் சுற்றி வளையமாக ஓடும் தசை. அந்தத் தசையைக் கண்குழி எலும்பின் விளிம்போடு தசைநார் ஒன்று கட்டிப்போட்டிருக்கிறது. வயதாக ஆகக் கன்னத்தின் கொழுப்பு வற்றுகிறது, எலும்பும் கொஞ்சம் தேய்கிறது, மேலே கண்குழிக்குள் இருக்கும் கொழுப்பு முன்னால் தள்ளுகிறது. நடுவில் கட்டுப்பட்ட இடம் மட்டும் நகர முடியாமல் நிற்கிறது. பஞ்சு மெத்தையில் தையல் போட்ட இடம் உள்ளே இழுத்து நிற்பதைப் போல. சிலருக்கு எலும்பின் அமைப்பே அப்படி. இருபது வயதிலேயே பள்ளம் தெரியும். அவர்களிடம் 'தூக்கம் போதவில்லை' என்று யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எட்டு மணி நேரம் தூங்கினாலும் எலும்பு வளராது.

முதலில் ஃபில்லர். அதிகம் பேசப்படுவதும், அதிகம் கெட்டுப்போவதும் இதுதான். ஹயலூரோனிக் அமிலத்தால் ஆன ஜெல்லை ஊசி வழியாகப் பள்ளத்துக்குள் வைப்பது. இந்த அமிலம் தண்ணீரை இழுக்கும் குணம் கொண்டது. எல்லா ஜெல்லும் ஒரே அளவு இழுப்பதில்லை என்பதால், இந்த இடத்துக்குக் குறைவாக ஊறும், மிருதுவான வகையே சரி. வோல்பெல்லா, ரெஸ்டிலேன், பெலோட்டெரோ பேலன்ஸ், டியோசியல் ரெடென்சிட்டி 2 ஆகியவை வழக்கமாகக் கேள்விப்படும் பெயர்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கண்ணடிப் பள்ளத்துக்கென்றே வோல்பெல்லாவுக்கு 2022-லும், ரெஸ்டிலேன் ஐலைட்டுக்கு 2023-லும் அனுமதி கொடுத்தது. இரண்டும் 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. வோலூமா போன்ற கெட்டியான ஜெல் கன்னத்துக்கானது. அதைக் கண்ணடியில் வைத்தால் கட்டியாகத் துருத்தும். கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட், பாலி-எல்-லாக்டிக் அமிலம் என்ற வேறு வகை ஃபில்லர்கள் இரண்டையும் இங்கே தொடவே கூடாது. முடிச்சு விழுந்தால் கரைப்பதற்கு மருந்தே இல்லை.

நாற்காலியில் நடப்பதை உற்றுப் பார்த்தால் கை தேர்ந்தவரா என்பது தெரிந்துவிடும். உங்களை நிமிர்ந்து உட்காரவைத்துக் குறி போட வேண்டும். படுத்தால் பை உள்ளே போய்விடும், பள்ளத்தின் வடிவம் மாறிவிடும். தோலைத் துடைக்கும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கண்ணில் பட்டால் கருவிழியைப் பாதிக்கும். ஆகவே கண்ணருகே துடைக்க ஹைப்போகுளோரஸ் அமிலமோ போவிடோன் அயோடினோதான். பிறகு கன்னத்தில் ஓர் ஊசித்துளை போட்டு, கேனுலா என்னும் முனை மழுங்கிய மெல்லிய குழாயை அதன் வழியே நுழைத்து, தசைக்கு அடியில், எலும்பை ஒட்டிக் கொண்டுபோவார்கள். 25 கேஜ் கேனுலா நல்லது. அதைவிட மெல்லியதாகப் போகப் போக அதுவும் ஊசியைப் போலவே ரத்தக்குழாயைக் குத்தக்கூடும். நேராக ஊசியால் போடும் கைதேர்ந்த மருத்துவர்களும் உண்டு. கருவி எதுவானாலும் ஜெல் எலும்போடு ஒட்டி இருக்க வேண்டும். தோலுக்குப் பக்கத்தில் வரக்கூடாது.

அளவு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஒரு பக்கத்துக்கு 0.2 முதல் 0.5 மி.லி. போதும். அதையும் ஒரே இடத்தில் கொட்டாமல் சிறு சிறு துளிகளாக வைப்பார்கள். பள்ளத்தில் முக்கால் பங்கு நிரம்பியதும் நிறுத்திவிட வேண்டும். ஜெல் தண்ணீர் குடித்து மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும். இரண்டிலிருந்து நான்கு வாரம் கழித்து மறுபடி பார்த்து, தேவைப்பட்டால் சொட்டு சேர்க்கலாம். கெடுதி பெரும்பாலும் 'சிரிஞ்சில் மிச்சம் இருக்கிறதே, வீணாக்குவானேன்' என்ற நினைப்பில் தொடங்குகிறது. காசு கொடுத்தவரும் அதைத்தான் விரும்புகிறார், போடுகிறவரும் மறுப்பதில்லை. மிச்சத்தைக் கன்னத்தில் வைக்கச் சொல்லுங்கள். உண்மையில் பலருக்கு அதுதான் முதலில் செய்ய வேண்டியது: கன்னத்தின் மேல்பகுதியை நிரப்பினாலே பள்ளம் பாதி குறையும், கண்ணடிக்குத் தேவைப்படும் ஜெல் மிகக் கொஞ்சமாகிவிடும்.

வீக்கம் இரண்டு மூன்று நாள், ரத்தக்கட்டு ஒரு வாரம் பத்து நாள். கல்யாணம், நேர்முகத் தேர்வு போன்றவை இருந்தால் குறைந்தது ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, இபுப்ரொஃபென் ஆகியவற்றை ஒரு வாரம் முன்பே நிறுத்தினால் ரத்தக்கட்டு குறையும். மருத்துவர் எழுதிக்கொடுத்த ரத்தம் உறையாத மாத்திரைகளை மட்டும் சொந்த முடிவில் நிறுத்தாதீர்கள்.

இனி கெட்டுப்போகும் விதங்கள். ஜெல் தோலுக்கு மிக அருகில் வந்துவிட்டால் அந்த இடம் நீலம் பாய்ந்து தெரியும். ஜெல் வழியாகப் போகும் வெளிச்சம் சிதறுவதால் வரும் நிறம் அது. பலர் இதை ரத்தக்கட்டு என்று நினைத்து மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ரத்தக்கட்டு பச்சை, மஞ்சளாகி மறையும்; இந்த நீலம் நிறம் மாறாமல் அப்படியே நிற்கும். இரண்டாவது வகை, மாதங்கள் கழித்து வரும் வீக்கம். காலையில் கண்ணடி ஊதியிருக்கும், சாயங்காலத்துக்குள் வடியும், மறுநாள் மீண்டும் ஊதும். கன்ன எலும்பின் மேல் ஏற்கெனவே நீர் கோத்த மேடு உள்ளவர்களுக்கு இது அதிகம். அவர்களுக்கு ஃபில்லர் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல மருத்துவர். இரண்டுக்கும் தீர்வு ஹயலூரோனிடேஸ் என்னும் நொதி. ஜெல்லை ஓரிரு நாளில் கரைத்துவிடும். தேனீ, குளவி கொட்டி உடம்பு முழுக்கத் தடித்த அனுபவம் உள்ளவர்கள் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், இந்த நொதிக்கும் ஒவ்வாமை வரக்கூடும். கரைத்த பிறகு மறுபடி நிரப்பக் குறைந்தது இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும்.

மூன்றாவது அபூர்வம், ஆனால் அச்சப்பட வேண்டியது. ஜெல் ரத்தக்குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்வது. 2015-லேயே எஃப்.டி.ஏ. இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. தோல் திடீரென்று வெளுப்பது, வலைபோல் ஊதாக் கோடுகள் தெரிவது, கடும் வலி, இவை தோலுக்குப் போகும் ரத்தம் நின்றதன் அடையாளங்கள். அடைப்பு விழித்திரைக்குப் போகும் குழாயில் என்றால் பார்வை நொடியில் மங்கும். பெரும்பாலும் திரும்பி வராது. ஆகவே ஊசி போடும் முன் ஒரே கேள்வி: ஹயலூரோனிடேஸ் இந்த அறையில் இருக்கிறதா? 'வரவழைத்துக்கொள்ளலாம்' என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எத்தனை நாள் தங்கும்? ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்பது விளம்பரக் கணக்கு. கண்ணடியில் அசைவு குறைவு என்பதால் ஜெல் பல வருடம் கழித்தும் எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிகிறது. வருடா வருடம் 'டச் அப்' என்று போட்டுக்கொண்டே போனால் பழையதன் மேல் புதியது ஏறி, முகம் எப்போதும் அழுது எழுந்த மாதிரி இருக்கும். நாட்காட்டியைப் பார்த்துப் போடாமல் கண்ணாடியைப் பார்த்துப் போடுங்கள்.

எங்களைக் கேட்டால், ஃபில்லர் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் அருமையான பொருள்: தோல் ஓரளவு தடிமனாக, பை இல்லாமல், பள்ளம் உள்மூலையில் மட்டும் இருப்பவர்கள். அவர்களுக்கு அரை மணி நேரத்தில் கிடைக்கும் பலன் வேறு எதிலும் கிடைக்காது. பள்ளத்தோடு பையும் இருந்தால் கதை வேறு. பையின் அடிவாரத்தை நிரப்பினால் முழுக் கீழ் இமையும் ஒரே மேடாகிவிடும்.

பையும் உள்ளவர்களுக்கு ஏற்றது கீழ் இமை அறுவைச் சிகிச்சை. முன்பெல்லாம் புடைத்த கொழுப்பை வெட்டி எறிந்துவிடுவார்கள். பை போனது, பத்து வருடத்தில் கண் குழிந்துபோனது. இப்போதைய நல்ல முறை அந்தக் கொழுப்பையே பயன்படுத்துகிறது. இமையின் உட்பக்கம் கீறி, எலும்பு விளிம்பில் கட்டிப்போட்டிருக்கும் இழைகளை விடுவித்து, கொழுப்பை விளிம்பைத் தாண்டிப் பள்ளத்துக்குள் புரட்டித் தைத்துவிடுகிறார்கள். வெளியே தழும்பு இல்லை, மேடும் பள்ளமும் ஒரே வேலையில் சமமாகின்றன. ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். வெளியே தலைகாட்ட இரண்டு வாரம். கடைசி வடிவம் வர மூன்றிலிருந்து ஆறு மாதம்.

இதிலும் ஆபத்துகள் உண்டு. தோலைத் தேவைக்கு மேல் எடுத்தால் இமை கீழே இழுபட்டு, கண்ணின் வெள்ளை தெரியும். மேலே சொன்ன இழுத்து விடும் சோதனையில் தேறாதவர்களுக்கு இமையின் வெளிமூலையையும் சேர்த்து இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் இதேதான் நடக்கும். உள்பக்கக் கொழுப்புக்கும் நடுக் கொழுப்புக்கும் இடையில் கண்ணை அசைக்கும் தசை ஒன்று ஓடுகிறது. அதில் கத்தி பட்டால் ஒன்று இரண்டாகத் தெரியும். கண் வறட்சி உள்ளவர்களுக்கு வறட்சி கூடும், அதனால் முன்பே கண்ணீர்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முதல் 24 மணி நேரத்தில் ஒரு கண் மட்டும் கல்போல் இறுகி, வலித்து, பார்வை குறைந்தால் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். காலை வரை காத்திருக்கக் கூடாது. குனியாதே, கனம் தூக்காதே, ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வை என்று படித்துப் படித்துச் சொல்வது இதற்காகத்தான். முன்பு ஃபில்லர் போட்டிருந்தால் அதைக் கரைத்துவிட்டு வரச் சொல்வார்கள். ஜெல் இருக்கும்போது உண்மையான பள்ளம் எவ்வளவு என்று அளக்க முடியாது.

வயிற்றிலோ தொடையிலோ கொழுப்பை உறிஞ்சிக் கண்ணடியில் வைப்பது இன்னொரு வழி. சொந்தக் கொழுப்பு என்பதால் ஒவ்வாமை இல்லை, பிழைத்தது நிலைக்கும். எவ்வளவு பிழைக்கும் என்பதுதான் சூதாட்டம். பாதி கரையலாம், கூடவும் கரையலாம், குறையவும் கரையலாம். கரையும் என்று கணக்குப் போட்டு அதிகமாக வைத்தவர்களுக்கு அது கரையாமல் நின்றால் கட்டி. கரைக்க நொதி கிடையாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். உடல் எடை ஏறினால் கண்ணடிக் கொழுப்பும் கூடவே பருக்கும். கன்னம், கண்ணடி என முகம் முழுதும் வற்றியவர்களுக்கு நல்ல தேர்வு. சின்னப் பள்ளத்துக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை.

மற்றவை எல்லாம் தோலுக்கான சிகிச்சைகள். பள்ளத்துக்கானவை என்று பெயர் மாற்றி விற்கிறார்கள். சொந்த ரத்தத்தின் பிளேட்லெட்டைப் பிரித்துப் போடும் பி.ஆர்.பி., மாதம் ஒன்றாக மூன்று முறை. தோல் கொஞ்சம் தடித்து, நீலம் சற்று மங்கும். சால்மன் மீனிலிருந்து எடுக்கும் பாலிநியூக்ளியோடைட் ஊசியும் கிட்டத்தட்ட அதே வேலைதான். ஃப்ராக்ஷனல் லேசர் மெல்லிய சுருக்கத்துக்கு நன்று, ஆனால் மாநிறம், கருநிறத் தோலில் லேசர் பட்ட இடமே கறுத்துவிடும் வாய்ப்பு அதிகம். கருமையைப் போக்கப் போய்க் கருமையோடு திரும்புவது இப்படித்தான். இவற்றில் எதுவும் ஒரு மில்லிமீட்டர் பள்ளத்தைக்கூட நிரப்பாது.

க்ரீம்? கஃபீன் உள்ளது காலை வீக்கத்தைச் சில மணி நேரம் குறைக்கும். ரெட்டினால் மாதக்கணக்கில் விடாமல் போட்டால் தோல் கொஞ்சம் தடிக்கும். கண்ணடியில் வாரம் இரண்டு முறையில் தொடங்க வேண்டும். அவ்வளவே.

எதுவும் வேண்டாம், வெளியே போகும்போது தெரியாமல் இருந்தால் போதும் என்பவர்களுக்கு: நீலம் தெரிந்தால் முதலில் பீச் நிறக் கரெக்டரை மெல்லிய பூச்சாக ஒற்றுங்கள். பிறகு தோல் நிறத்தைவிட ஒரு படி வெளிறிய கன்சீலரை எடுத்து, மெல்லிய தூரிகையால் பள்ளத்தின் கோட்டில் மட்டும் இழுங்கள். பையின் மேல் ஒரு துளிகூடப் படக்கூடாது; வெளிறிய நிறம் எதை மூடினாலும் அதை மேடாக்கிக் காட்டும். பவுடர் கொஞ்சமாக, கோடு முடியும் இடத்தில் மட்டும்.