கத்தி மொட்டை, துணி குட்டை, பலகை பரவாயில்லை

ஜெருசலேமில் ஒரு மூதாட்டியின் வீட்டில் தங்கி அவரைக் கவனித்துக்கொள்வது என் வேலை. ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவருக்கு வயது 88. பேரப் பிள்ளைகளைப் போலவே நானும் அவரைச் சவ்தா என்றுதான் கூப்பிடுகிறேன், எபிரேயத்தில் பாட்டி. போன மாதம் அவர் வீட்டு ரொட்டிப் பலகை நட்டநடுவில் விரிசல் விட்டது. மஹனே யெஹூதா சந்தையில், சபாத் (வெள்ளி மாலை தொடங்கி சனி இரவு வரை நீளும் யூதர்களின் ஓய்வுநாள்) சாமான்கள் விற்கும் ஒரு சிறிய கடையில் புதிய செட் வாங்கி வந்தேன். பலகை, கத்தி, மூடு துணி, உப்புக் கிண்ணம் எல்லாம் சேர்த்து 190 ஷெக்கல். நான்கு சபாத் கடந்துவிட்டது. இனி குறை நிறை சொல்லலாம்.

பெட்டியைப் பிரித்ததும் சவ்தா கத்தியைப் பார்க்கவில்லை, துணியைப் பார்க்கவில்லை. பலகையின் அடியில் இருந்த தட்டைத்தான் இழுத்துப் பார்த்தார். மேலே மரச்சட்டங்கள் இடைவெளி விட்டு அடுக்கியிருக்கின்றன. ரொட்டி அறுக்கும்போது உதிரும் துகள் அந்த இடைவெளி வழியாகக் கீழே தட்டில் விழும். மேசையில் சிந்தாது, தரையில் மிதிபடாது.

துகள் விஷயத்தில் இந்த வீட்டில் விளையாட்டே கிடையாது. யூதச் சட்டப்படி ஓர் ஒலிவக்காய் அளவுக்குக் குறைந்த துகளை வீசிவிடலாம், தடையில்லை. ஆனாலும் அலட்சியமாக விட்டால் வறுமை வரும் என்கிறது யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூத். ஹுல்லின் என்ற பகுதியில் இதற்கு ஒரு கதையே இருக்கிறது. வறுமைக்கென்று ஒரு தூதன். அவன் ஒரு மனிதனை விடாமல் பின்தொடர்கிறான். ஒன்றும் செய்ய முடியவில்லை, ஏனென்றால் அந்த மனிதன் துகள் விஷயத்தில் அத்தனை கவனம். ஒருநாள் அவன் புல்தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். புல்லில் விழுந்த துகளை எப்படிப் பொறுக்குவான், இன்று மாட்டினான் என்று தூதன் காத்திருக்கிறான். சாப்பிட்டு முடித்தவனோ மண்வெட்டியை எடுத்து, புல்லை வேரோடு கொத்தி ஆற்றில் எறிந்துவிட்டான். "ஐயோ, என்னை வீட்டை விட்டே துரத்திவிட்டானே" என்று தூதன் புலம்பியது அவன் காதில் விழுந்ததாம். சவ்தா இதைச் சொல்லும்போது மண்வெட்டி பிடிப்பதைக் கையால் செய்து காட்டுவார். சொல்லி முடித்துவிட்டு என் காலடியைப் பார்ப்பார்.

அதனால் பலகைக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். கொடுக்கவிடாமல் செய்தது அதன் அலங்காரம். பலகையின் ஓரத்தில் 'சபாத் கோதெஷ்', அதாவது புனித சபாத், என்று ஆழமாகச் செதுக்கியிருக்கிறார்கள். சபாத்துக்கென்று சுடும் ஹல்லா ரொட்டியின் மேல் தூவிய எள் நேராகப் போய் அந்த எழுத்துகளுக்குள் உட்கார்ந்துகொள்கிறது. 'ஷின்' என்ற எழுத்தின் மூன்று கிளைகளுக்கு இடையில் சிக்கிய எள்ளை நான் பல்குச்சியால் எடுக்கிறேன். தட்டும் ஈரம் பட்டால் உப்பிக்கொண்டு வர மறுக்கிறது. நன்றாகத் துடைத்துக் காயவைத்துவிட்டே உள்ளே தள்ள வேண்டும்.

கத்தியைப் பற்றி என்ன சொல்ல. வெள்ளி இரவில் மேசைக்கு இரண்டு முழு ஹல்லா வரும். பாலைவனத்தில் அலைந்த முன்னோருக்கு வானத்திலிருந்து வந்து, ஆறாம் நாள் இரட்டிப்பாகக் கிடைத்த மன்னா என்ற உணவின் நினைவாக. ஆசீர்வாதம் சொல்லும்வரை இரண்டும் முழுதாக இருக்க வேண்டும் என்பதால், முன்கூட்டி வெட்டாமல் கத்தியால் ஒரு கீறல் மட்டும் போடுவார்கள். பிறகு அடியிலிருக்கும் ஹல்லாவை அறுப்பார்கள். இந்தக் கத்தி கீறவே இல்லை, வருடியது. சவ்தாவின் பேரன் பலத்தையெல்லாம் கூட்டி அழுத்தினான்; ஹல்லா தலையணை போல அமுங்கியது, மேல்தோல் நொறுங்கிப் பலகையையும் தாண்டி மேசை விரிப்பெல்லாம் தெறித்தது. துகளைப் பிடிக்க ஒரு பலகை, துகளைத் தூவ ஒரு கத்தி. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு விற்றவரின் கெட்டிக்காரத்தனத்தை என்னவென்பது.

உப்புக் கிண்ணம் நல்ல கிண்ணம். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

அறுத்த துண்டுகளை உப்பில் தொட்டுத் தட்டில் வைத்துச் சுற்றுக்கு விடுவார்கள். யார் கையிலும் நேரடியாகக் கொடுப்பதில்லை. அது துக்கம் காப்பவருக்குக் கொடுக்கும் முறை. தூக்கி எறிவதும் கூடாது. ரொட்டிக்கு நான்கு விதிகள் என்று தல்மூத்தின் பெராஹோத் பகுதி சொல்கிறது: அதன்மேல் பச்சை இறைச்சியை வைக்காதே, நிறைந்த கோப்பையை அதற்கு மேலாகக் கடத்தாதே, அதை எறியாதே, பாத்திரத்துக்கு முட்டுக் கொடுக்காதே. நான்காவதை நான் மீறியிருக்கிறேன். வந்த புதிதில், ஆடிக்கொண்டிருந்த சூப் கிண்ணத்துக்கு அடியில் ஒரு ரொட்டி ஓரத்தைச் செருகினேன். சவ்தா கத்தவில்லை. எழுந்து வந்து, கிண்ணத்தைத் தூக்கி, ரொட்டியை எடுத்து, ஊதி, தன் தட்டில் வைத்துத் தின்றார். திட்டியிருந்தால் இத்தனை நாள் நினைவில் இருந்திருக்காது.

துணிக்கு வருகிறேன். உணவுகளின் வரிசையில் ரொட்டிக்கே முதல் மரியாதை. ஆனால் வெள்ளி இரவில் திராட்சரசத்துக்கு முதலில் ஆசீர்வாதம் சொல்கிறார்கள். அதைப் பார்த்து ரொட்டி வெட்கப்படக்கூடாதாம், அதனால் மூடிவைப்பது. உயிரில்லாத ரொட்டிக்கே இத்தனை என்றால் என்று பேரன் ஆரம்பிப்பதற்குள் சவ்தா "கோப்பையை எடு" என்றுவிடுவார். இந்தத் துணியோ இரண்டு ஹல்லாவை மூடும் அளவில் தைக்கப்படவில்லை. இடப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம் தெரிகிறது. கித்தூஷ் என்ற அந்தத் திராட்சரச ஆசீர்வாதம் முடியும்வரை ஒரு ஹல்லாவின் நுனி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. பாதி வெட்கம்.

தட்டில் சேர்ந்த துகளை முதல் சனிக்கிழமை பால்கனிப் புறாக்களுக்குப் போடப் போனேன். தாமாக இரை தேடிக்கொள்ளும் பறவைக்குச் சபாத்தில் தீனி போடக்கூடாது என்று சவ்தா தடுத்தார். இப்போது மூன்று நட்சத்திரம் தெரிந்து சபாத் முடிந்த பிறகே தட்டைக் காலி செய்கிறேன். மிஞ்சிய ரொட்டித் துண்டுகளை மட்டும் இந்த ஊர் வழக்கப்படி ஒரு பையில் போட்டு, குப்பைத் தொட்டிக்குள் வீசாமல் அதன் பக்கத்தில் கொக்கியில் மாட்டிவிடுவேன்.

வாங்குகிறவர்களுக்கு: தட்டு வைத்த பலகை தனியாகவும் கிடைக்கிறது, எழுத்துச் செதுக்காததாகப் பார்த்து வாங்குங்கள். கத்திக்கு வீட்டிலிருக்கும் பல் வைத்த பழைய கத்தியே போதும். நாங்கள் அதற்கே திரும்பிவிட்டோம். துணியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று மடித்து வைத்திருந்தேன். சவ்தா எடுத்துக்கொண்டார். வாரநாட்களில் சாப்பாட்டுக்குப் பிந்திய நன்றி ஜெபத்தின்போது மேசையில் இருக்கும் கத்தியை மூடிவைப்பது வழக்கம். அந்த அளவுக்குத் துணி கச்சிதமாக இருக்கிறது.